மைல்களும் கடன்தான்

விமான நிறுவனம் ஒன்று நொடித்துவிட்டால் அதனிடம் பாக்கி வசூலிக்க வேண்டியவர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். கடன் கொடுத்த வங்கிகள், விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்கள், எரிபொருள் நிரப்பிய எண்ணெய் நிறுவனங்கள், கட்டணம் வரவேண்டிய விமான நிலையங்கள், பல மாதச் சம்பளம் நிலுவையில் உள்ள ஊழியர்கள், டிக்கெட் எடுத்தும் பறக்க முடியாமல் போன பயணிகள் என்று அந்த வரிசை நீளும். அதில் நிற்கக்கூட இடம் கிடைக்காத ஒரு கூட்டம் உண்டு. வருடக்கணக்கில் அதே நிறுவனத்தில் பறந்தும், அதன் பெயர் போட்ட கிரெடிட் கார்டில் செலவு செய்தும் மைல்களைச் சேர்த்து வைத்தவர்கள் அவர்கள். மைல் என்பது நிறுவனம் மனமுவந்து கொடுத்த அன்பளிப்பு, போனால் போகட்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணம் தவறானது. பயணி ஒருவர் விமான நிறுவனத்துக்கு வட்டியில்லாமலும் ஈடில்லாமலும் கொடுத்து வைத்திருக்கும் கடனே மைல். இதை ஏற்றுக்கொண்டால் இரண்டு முடிவுகளுக்கு வந்தாக வேண்டும். தள்ளாடும் நிறுவனத்திடம் உள்ள மைல்களைத் தாமதிக்காமல் செலவழித்துவிட வேண்டும் என்பது பயணிக்கான முடிவு. அந்தக் கடனுக்கு ஓர் ஈட்டை வைக்கச் செய்ய வேண்டும் என்பது அரசுக்கான முடிவு.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியபோது அதன் நோக்கம் எளிமையானது. அடிக்கடி பறப்பவர் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடாமல் இருக்க, பறந்த தூரத்துக்கு ஏற்ப இலவசப் பயணம் தருவது. எப்படியும் காலியாகப் போகும் இருக்கைகளில் சிலவற்றை அதற்கு ஒதுக்குவது. அன்றைக்கு அதை அன்பளிப்பு என்று சொன்னால் ஓரளவு பொருந்தும். இன்றைய நிலைமை அடியோடு வேறு. விமான நிறுவனங்கள் மைல்களை வங்கிகளுக்கு விற்கின்றன. வங்கி அவற்றை ரொக்கம் கொடுத்து வாங்கி, தன் கார்டை வைத்திருப்பவர்கள் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கார்டை நீட்டும்போதெல்லாம் அவர்கள் கணக்கில் வரவு வைக்கிறது. அந்தச் செலவைக் கார்டின் ஆண்டுக் கட்டணத்திலும் கடைக்காரரிடம் பிடிக்கும் கமிஷனிலும் வங்கி ஈடுகட்டிக்கொள்கிறது. ஆக, விமான நிறுவனத்துக்குப் பணம் இன்றே கிடைத்துவிடுகிறது; இருக்கையைத் தர வேண்டியது என்றைக்கோ. இன்று பணம் வாங்கிக்கொண்டு நாளை திருப்பித் தருவதாகச் சொல்வதற்குக் கடன் என்றுதான் பெயர். கணக்குப் பதிவு விதிகளும் இதையே சொல்கின்றன. செலவழிக்கப்படாத மைல்களை விமான நிறுவனங்கள் தங்கள் ஐந்தொகையில் பொறுப்புப் பக்கத்தில்தான் காட்ட வேண்டும். ஏர் கனடா 2019-ல் ஏரோபிளான் திட்டத்தைத் திரும்ப வாங்கியபோது 45 கோடி கனடிய டாலரை ரொக்கமாகக் கொடுத்தது. கூடவே, உறுப்பினர்கள் கையில் இருந்த பாயின்ட்டுகளுக்கான சுமார் 190 கோடி டாலர் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அன்பளிப்புக்கு யாரும் இப்படிக் கணக்கு வைப்பதில்லை.

மைல்களின் மதிப்பு என்ன என்பதைக் கொரோனா காலம் வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020-ல் விமானங்கள் தரையில் நின்றபோது, கடன் வாங்க அடகு வைப்பதற்கு அமெரிக்க நிறுவனங்களிடம் எஞ்சியிருந்த சிறந்த சொத்து அவற்றின் மைல் திட்டங்கள்தான். யுனைடெட் தன் மைலேஜ்பிளஸ் திட்டத்தை ஈடாக வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று முதலீட்டாளர்களிடம் சொன்னது. டெல்டா தன் ஸ்கைமைல்ஸை வைத்து 900 கோடி டாலரும், மறு ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அட்வான்டேஜை வைத்து 1,000 கோடி டாலரும் வாங்கின. கடன் கொடுத்தவர்கள் இந்தத் திட்டங்களைக் கெட்டியான சொத்தாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் கோடிக்கணக்கான உறுப்பினர்களும் அவர்களால் வரும் வங்கிப் பணமும்தான். அதே நிறுவனங்களின் விதிமுறைப் பக்கத்தில் மைல்கள் உறுப்பினரின் சொத்தல்ல, அவற்றுக்குப் பண மதிப்பு கிடையாது, முன்னறிவிப்பின்றித் திட்டத்தை மாற்றலாம் என்ற ரீதியில் எழுதியிருக்கும். அடகு வைக்கும்போது பல நூறு கோடி பெறும் பொருள், பயணி கேட்கும்போது மட்டும் காசு பெறாத பொருளாகிவிடுவது நியாயமில்லை. கடன் பத்திரம் வைத்திருப்பவருக்கும் மைல் வைத்திருப்பவருக்கும் பணம் வருவது ஒரே ஊற்றிலிருந்து. ஒருவருக்குச் சட்டம் காவல் நிற்கிறது, மற்றவருக்கு யாரும் இல்லை.

இந்தியாவில் இதன் விளைவை முதலில் பெரிய அளவில் அனுபவித்தவர்கள் கிங்ஃபிஷர் பயணிகள். 2005-ல் பறக்கத் தொடங்கிய அந்த நிறுவனத்தின் 'கிங் கிளப்' திட்டத்தில் மைல் சேர்ப்பது ஒருகாலத்தில் கௌரவமாகவே கருதப்பட்டது. சறுக்கல் ஒரே நாளில் வரவில்லை. 2011 நவம்பரில் விமானங்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. எண்ணெய் நிறுவனங்கள் ரொக்கம் கொடுத்தால்தான் எரிபொருள் என்றன. வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. 2012 பிப்ரவரியில் ஒன்வேர்ல்டு என்ற சர்வதேச விமானக் கூட்டணியில் நிறுவனம் சேருவதாக இருந்தது; அதற்குச் சில நாள்களே இருந்தபோது அது தள்ளிப்போனது. விமான நிறுவனங்கள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள அவற்றின் சர்வதேசச் சங்கமான அயாட்டா நடத்தும் அமைப்பிலிருந்தும் அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிங்ஃபிஷர் விலக்கி வைக்கப்பட்டது. அக்டோபர் 20-ஆம் தேதி உரிமம் முடக்கப்பட்டபோது கிங் கிளப் மைல்கள் வெறும் எண்களாகின. அயாட்டா கதவைச் சாத்தியதற்கும் உரிமம் போனதற்கும் இடையே அரை ஆண்டுக்கும் மேல் இருந்தது. அந்த இடைவெளியில் மைல்களைச் செலவழித்தவர்களுக்குப் பயணமாவது மிஞ்சியது. நிலைமை சீராகும் என்று காத்திருந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை.

ஜெட் ஏர்வேஸின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2018 ஆகஸ்டில் காலாண்டுக் கணக்கை வெளியிடாமல் தள்ளிப்போட்டது முதல் எச்சரிக்கை. பிறகு சம்பளம் தாமதமானது, வங்கித் தவணை தவறியது, குத்தகைக்கு விட்டவர்கள் விமானங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்தார்கள். 2019 மார்ச் 25 அன்று நிறுவனர் நரேஷ் கோயல் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார். நூற்றிருபதை ஒட்டிய விமானங்களோடு பறந்த நிறுவனம், ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து மும்பைக்குக் கடைசியாகப் பறந்தபோது அதனிடம் இயங்கும் நிலையில் இருந்தவை ஐந்துதான். ஆனால் 'ஜெட்பிரிவிலேஜ்' மைல்கள் அன்றோடு அழியவில்லை. 2014-லேயே அந்தத் திட்டம் தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டு, அதன் 50.1 சதவீதப் பங்கை அபுதாபியின் எதிஹாட் விமான நிறுவனம் 15 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2019 நவம்பரில் அது 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, வேறு நிறுவனங்களின் விமானப் பயணம், ஓட்டல் அறை, பெட்ரோல், கடைப் பொருள்கள் என்று மைல்களைச் செலவழிக்க வழி செய்தது. ஆயினும் உறுப்பினர்கள் முழுதாகத் தப்பினார்கள் என்று சொல்ல முடியாது. சொந்த விமானத்தில் காலியாகப் போகும் இருக்கையைத் தருவது திட்டத்துக்கு மலிவு. அதே இருக்கையை இன்னொரு நிறுவனத்திடம் சந்தை விலைக்கு வாங்கித் தருவது கூடுதல் செலவு. விமானமே இல்லாத மைல் திட்டத்தில் உயர் வகுப்பில் வெளிநாடு போகும் கனவு நடக்காது. உயிர் தப்பியது, மதிப்பு தேய்ந்தது.

'திட்டம் தனி நிறுவனமாக இருந்தால் மைல்கள் பத்திரம்' என்று சிலர் இதிலிருந்து பாடம் எடுக்கிறார்கள். அதை நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் ஏர் பெர்லின் விஷயத்திலும் 'டாப்போனஸ்' திட்டம் தனி நிறுவனமாகத்தான் இருந்தது. அதன் பெரும்பான்மைப் பங்கும் எதிஹாட் கையில்தான் இருந்தது. 2017 ஆகஸ்ட் 15 அன்று ஏர் பெர்லின் திவால் மனு கொடுத்தது. சில நாள்களில் டாப்போனஸில் மைல் சேர்ப்பதும் செலவழிப்பதும் நிறுத்தப்பட்டன. பத்தாவது நாள் டாப்போனஸும் திவால் மனுவோடு நீதிமன்றம் போனது. ஆஸ்திரேலியாவில் நடந்தது மூன்றாவது வகை. 2020 ஏப்ரலில் விர்ஜின் ஆஸ்திரேலியா நொடித்து நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனபோது, தனி நிறுவனமான அதன் வெலாசிட்டி மைல் திட்டம் அந்த நடவடிக்கைக்குள் வரவில்லை. என்றாலும் பாயின்ட் செலவழிப்பதைப் பல வாரங்களுக்கு முடக்கி வைத்தார்கள். முதலீட்டு நிறுவனமான பெயின் கேப்பிட்டல் அந்த விமான நிறுவனத்தை வாங்கிய பிறகு பாயின்ட்டுகள் பிழைத்தன. அதே நாட்டில் 2001 செப்டம்பரில் ஆன்செட் விமான நிறுவனம் விழுந்தபோது அதன் பாயின்ட்டுகள் அப்படியே அழிந்தன. ஜெட்டிலும் ஏர் பெர்லினிலும் ஒரே மாதிரி அமைப்பு, ஒரே பங்குதாரர், வெவ்வேறு முடிவு. அந்த முடிவு திட்டத்துக்கு வெளி வருமானம் எவ்வளவு, பங்குதாரர் பணம் போடத் தயாரா, வாங்க யாராவது வருகிறார்களா என்பவற்றைப் பொறுத்தது. இவற்றில் எதையும் மைல் வைத்திருப்பவர் அறிய வழியில்லை. அறிந்தாலும் மாற்ற வழியில்லை.

ஆகவே, கையில் மைல்களோடு இருக்கும் பயணி கவனிக்க வேண்டியது நிறுவனத்தின் அறிக்கைகளை அல்ல. அதற்குச் சரக்கும் சேவையும் தருபவர்களின் நடத்தையை. எரிபொருளுக்கு முன்பணம் கேட்பது, குத்தகை விமானங்கள் நிற்பது, ஊழியர் சம்பளம் தவறுவது, கணக்கு அறிக்கை தள்ளிப்போவது, கூட்டாளி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகுவது ஆகியவை கிங்ஃபிஷரிலும் ஜெட்டிலும் மாதக்கணக்கில் முன்னதாகவே பத்திரிகைகளில் வந்த செய்திகள். இவற்றில் இரண்டு தெரிந்தாலே செலவழிக்கத் தொடங்கிவிட வேண்டும். எதில் செலவழிப்பது என்பதும் முக்கியம். ஆறு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு அந்த நிறுவனத்தின் விமானத்திலேயே இடம் எடுத்தால், ஒரு கடனை இன்னொரு கடனாக மாற்றியதாகவே ஆகும். அடுத்த சில வாரங்களுக்குள் பறந்து முடிக்கும் பயணம் நல்லது. கூட்டாளி நிறுவனத்தின் விமானத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. அப்போதும் ஒன்றைப் பார்க்க வேண்டும். விமான டிக்கெட் எண் 13 இலக்கம் கொண்டது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தைக் காட்டும். ஜெட் ஏர்வேஸுக்கு 589, ஏர் இந்தியாவுக்கு 098. பறப்பது வேறொரு விமானமாக இருந்தாலும், டிக்கெட் நொடிக்கும் நிறுவனத்தின் எண்ணில் வழங்கப்பட்டிருந்தால், தனக்குப் பணம் வராது என்று கூட்டாளி அதை மறுக்கும் அபாயம் உண்டு. அதனால் அந்தப் பயணமும் சீக்கிரம் முடிய வேண்டும். வரியையும் கட்டணங்களையும் கிரெடிட் கார்டில் கட்டினால், பயணம் நடக்காதபோது அந்தப் பணத்தையாவது வங்கியிடம் முறையிட்டுக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கிக் கணக்கில் கிடக்கும் ரிவார்டு பாயின்ட்டுகளை அவசரப்பட்டு எந்த விமான நிறுவனத்தின் மைல்களாகவும் மாற்றிவிடக் கூடாது. ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் திரும்பி வராது. இருக்கை இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுவதே சரி.

இந்த அவசரத்துக்கு இந்தியாவில் இப்போது ஒரு புதுக் காரணமும் சேர்ந்திருக்கிறது. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் தானே திவால் மனு கொடுத்துப் பறப்பதை நிறுத்தியது. சட்டப்படி வந்த தடைக்காலத்தால், விமானங்களைக் குத்தகைக்கு விட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் ஏறக்குறைய ஓராண்டு அவற்றைத் திரும்ப எடுக்க முடியாமல் தவித்தன. 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விமானங்களின் பதிவை ரத்து செய்ய உத்தரவிட்ட பிறகே விடிவு பிறந்தது. இந்த அனுபவத்துக்கு நடுவிலேயே, 2023 அக்டோபரில், விமானக் குத்தகைக்குத் தடைக்காலம் பொருந்தாது என்று மத்திய அரசு அறிவித்தது. 2025-ல், விமானத்தைக் குத்தகைக்கு விட்டவர்களின் உரிமையைக் காக்கும் சர்வதேச கேப் டவுன் உடன்படிக்கைக்கு உயிர் கொடுக்கும் தனிச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. குத்தகை மலிவாகக் கிடைக்க இது தேவைதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதன் பொருள் என்ன? இனி ஓர் இந்திய நிறுவனம் நொடித்தால் அதன் விமானங்கள் முன்னைவிட வேகமாகக் கைமாறும். விமானம் போனபின் மைலுக்கு மதிப்பேது? கிங்ஃபிஷர் பயணிகளுக்குக் கிடைத்த அரை ஆண்டு அவகாசம் அடுத்த முறை கிடைக்காமல் போகலாம். பெரிய கடன்காரருக்குப் பாதுகாப்பை இறுக்கும்போது அதன் சுமை யார் மேல் விழுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு மனிதாபிமானத்தோடு சொல்லப்படுவது. எல்லோரும் ஒரே நேரத்தில் மைல்களைச் செலவழிக்க ஓடினால், பிழைக்கக்கூடிய நிறுவனமும் விழுந்துவிடாதா, ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வேலை போகாதா என்ற கேள்வி அது. கேள்வி நியாயமானது, ஆனால் வங்கியில் வைப்புத்தொகையை எடுக்க ஓடுவதும் இதுவும் ஒன்றல்ல. சொந்த விமானத்தில் மைலுக்கு இடம் கொடுக்கும்போது நிறுவனத்தின் கஜானாவிலிருந்து ரொக்கம் போவதில்லை. எத்தனை இருக்கைகளை அதற்குத் திறந்துவிடுவது என்பதும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. அதோடு ஐந்தொகையிலிருந்து ஒரு பொறுப்பும் கழிகிறது. கூட்டாளி விமானத்தில் செலவழிக்கும்போது ரொக்கம் போவது உண்மை. ஆனால் கிங்ஃபிஷரையும் ஜெட்டையும் வீழ்த்தியது அதுவா? நஷ்டத்துக்கு விற்ற டிக்கெட், எரிபொருள் விலை, மலையாகக் குவிந்த கடன், ஏர் டெக்கானையும் ஏர் சஹாராவையும் அதிக விலைக்கு வாங்கிய முடிவுகள் ஆகியவையே வீழ்த்தின. அந்த முடிவுகளை எடுத்தவர்களில் பயணி ஒருவரும் இல்லை. குத்தகைக்கு விட்டவரும் எண்ணெய் நிறுவனமும் தங்கள் பணத்தைக் காத்துக்கொள்வது வியாபாரம் என்றால், பயணி காத்துக்கொள்வது மட்டும் எப்படித் துரோகமாகும்? ஊழியர்களின் சம்பளத்துக்கு முன்னுரிமை தர வேண்டியது சட்டத்தின் கடமை. அதைப் பயணியின் மைல்களிலிருந்து எடுத்துத் தர முடியாது.

இரண்டாவது மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. திவால் மனு கொடுத்த எல்லா நிறுவனமும் செத்துவிடவில்லையே என்கிறார்கள். உண்மை. யுனைடெட் 2002 முதல் 2006 வரையும், டெல்டா 2005 முதல் 2007 வரையும், அமெரிக்கன் 2011 முதல் 2013 வரையும் திவால் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் பறந்துகொண்டே இருந்தன, மைல்களும் செல்லுபடியாயின. ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். 2022-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் அதே வழியை நாடி 2024-ல் மீண்டது. அங்கே 'சாப்டர் 11' என்ற ஏற்பாட்டில் நிர்வாகம் மாறாமல், விமானங்கள் ஓடிக்கொண்டிருக்க, கடன்கள் சீரமைக்கப்படுகின்றன. வாடிக்கையாளர் திட்டங்களைத் தொடர நீதிமன்றம் ஆரம்பத்திலேயே அனுமதி கொடுக்கிறது. இந்தியாவில் அந்த மாதிரி ஒரு மீட்சியைப் பெரிய விமான நிறுவனம் எதுவும் இதுவரை கண்டதில்லை. ஜெட்டை மீட்க 2021-ல் ஏற்கப்பட்ட திட்டம் நிறைவேறாமலே, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2025 ஜனவரியில் கலைப்புக்குப் போனது. அமெரிக்காவின் அனுபவத்தை நம்பி இங்கே மைல்களை வைத்துக்கொண்டு காத்திருப்பது நம் சட்டமும் நம் வரலாறும் தராத ஓர் உறுதியை நாமே கற்பித்துக்கொள்வதாகும். நிறுவனம் பிழைத்தாலும் காத்திருந்தவருக்கு லாபம் நிச்சயமில்லை. மைலின் விலையை நிர்ணயிப்பது நிறுவனம்தான். நெருக்கடியிலிருந்து மீளும் நிறுவனம் ஒரே இருக்கைக்குக் கூடுதல் மைல் கேட்கத் தயங்குவதில்லை. வைத்திருக்கும் மைல் வட்டி தருவதில்லை, தேயத்தான் செய்யும்.

அரசு நிறுவனமாயிற்றே, விட்டுவிடுவார்களா என்ற நம்பிக்கை மூன்றாவது மறுப்பு. இத்தாலியின் அலிடாலியா 2017 மே மாதமே அரசு நியமித்த நிர்வாகிகளிடம் போனது. நான்கு ஆண்டுகளுக்கும் மேல் அரசுக் கடனில் பறந்து, 2021 அக்டோபர் 14 அன்று நின்றது. மறுநாளே அரசுக்குச் சொந்தமான ஐ.டி.ஏ. என்ற புதிய நிறுவனம் பறக்கத் தொடங்கியது. ஆனால் பழைய 'மில்லேமிலியா' திட்டத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது ஐரோப்பிய ஆணையத்தின் நிபந்தனை. அதே ஊர், அதே பாதைகள், அதே அரசு; மைல்கள் மட்டும் செல்லவில்லை. நமக்குப் பக்கத்தில், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பலர் கொழும்பு வழியாகப் பறக்கும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பல ஆண்டுகளாகக் கடன் சுமையில் இருக்கிறது. அரசு உத்தரவாதத்தோடு அது வெளியிட்ட 17.5 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கே பணம் கட்ட முடியாமல் போனது. அதைத் தனியாருக்கு விற்கும் முயற்சி 2024-ல் ஆட்சி மாறிய பின் கைவிடப்பட்டது. அது நாளையே நிற்கும் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. தொடர்ந்து பறக்கிறது, 2014 முதல் ஒன்வேர்ல்டு கூட்டணியிலும் இருக்கிறது. ஆனால் அரசின் உத்தரவாதம் பெற்ற பத்திரதாரருக்கே காத்திருக்க நேர்ந்தபோது, எந்த உத்தரவாதமும் இல்லாத மைல் உறுப்பினர் தன் மைல்களைப் பல ஆண்டுக் கனவுக்காகச் சேர்த்துக்கொண்டே போவது புத்திசாலித்தனம் ஆகாது. சேரச் சேரச் செலவழித்துக்கொண்டு, அதே விமானத்தில் தாராளமாகப் பறக்கலாம்.

இதுவரை சொன்னது தனிமனிதர் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி. ஆனால் செய்தித்தாளை உன்னிப்பாகப் படிக்கிறவரும் டிக்கெட் எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரும் மட்டும் தப்பிக்கிற ஏற்பாடு நியாயமான ஏற்பாடாகாது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டத்தில், ஒரு நிறுவனம் கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்பதை 53-ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. நடவடிக்கைச் செலவு, ஈடு பெற்ற கடன்காரரும் தொழிலாளரும், பிற ஊழியர், ஈடில்லாமல் பணம் கொடுத்தோர், அரசின் பாக்கி என்று போய், மிச்சக் கடன்கள் கடைசிப் படிகளில் வருகின்றன. மைல் உறுப்பினரைக் கடன்காரர் என்று ஏற்றுக்கொண்டால்கூட அவர் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்பார். பண மதிப்பே இல்லை என்ற ஒப்பந்த வாசகத்தால் அங்கேயும் தள்ளிவிடப்படுவார். வீடு வாங்கப் பணம் கட்டியவர்களும் ஒருகாலத்தில் இப்படித்தான் நின்றார்கள். 2018-ல் சட்டத்தைத் திருத்தி அவர்களை நிதிக் கடன் கொடுத்தோராக ஏற்றார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வாங்குகிறவரின் முன்பணம் ஒரு தொழிலை நடத்துகிறது என்றால் அவர் வெறும் வாடிக்கையாளர் இல்லை என்பதே அதன் பின்னால் இருந்த நியாயம். வீட்டின் கனத்தை மைலுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நியாயம் ஒன்றுதான்.

முன்பணத்துக்கு முன்னதாகவே காவல் போடுவது நம் சட்டத்துக்குப் புதிதும் அல்ல. வீட்டுமனைத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின்படி, வீடு வாங்குவோர் கட்டும் தொகையில் 70 சதவீதத்தைக் கட்டுமான நிறுவனம் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். மொபைல் வாலட் நடத்தும் வங்கியல்லாத நிறுவனங்கள் மக்களின் இருப்புத் தொகையை எஸ்க்ரோ என்ற தனிக் காவல் கணக்கில் வைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம், சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடு கட்டிய பிறகே தொடங்கலாம் என்கிறது; தெருவுக்குத் தெரு சீட்டுக் கட்டும் தமிழ்நாட்டு மக்களுக்கு அந்தக் காவலின் அருமை தெரியும். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்குக் கேட்கும் ஈட்டை, வங்கிகளிடம் கோடிக்கணக்கில் முன்பணம் வாங்கும் மைல் திட்டத்திடம் கேட்காமல் இருப்பதற்கு நியாயம் என்ன? தன் கடையில் மட்டும் செல்லும் கூப்பன்களுக்கு ரிசர்வ் வங்கி விதி பொருந்தாது என்பது சரி. ஆனால் பெட்ரோலுக்கும் ஓட்டல் அறைக்கும் வேறு நாட்டு விமானத்துக்கும் செல்லும் மைலை ஒரு கடையின் கூப்பன் என்று சொல்லிவிட முடியாது.

தேவையானவை மூன்று. வங்கிகளுக்கும் பிறருக்கும் விற்கும் மைல்களுக்குக் கிடைக்கும் ரொக்கத்தில் ஒரு பங்கை, மைல் செலவழிக்கப்படும்வரை விமான நிறுவனம் தொட முடியாத அறக்கட்டளைக் கணக்கில் வைக்க வேண்டும். நிலுவையில் உள்ள மைல்களின் பொறுப்பு எவ்வளவு, அதற்கு எதிராக ஒதுக்கிய பணம் எவ்வளவு என்பதைக் காலாண்டுதோறும் உறுப்பினர்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். திவால் நடவடிக்கை தொடங்கினால் மைல் உறுப்பினர்கள் தனித்தனியாக மனுப் போட்டு அலையாமல், அவர்கள் அனைவரையும் ஒரே வகுப்பாக ஏற்று, அவர்கள் சார்பில் ஒரு பிரதிநிதியை அமர்த்த வேண்டும். வீடு வாங்குவோருக்கு இந்தப் பிரதிநிதி முறை ஏற்கெனவே இருக்கிறது.

இப்படிச் செய்தால் செலவு கூடும், மைல்கள் குறையும், சலுகையே நின்றுபோகும் என்பார்கள். கொஞ்சம் குறையலாம். பறப்பதற்காகத் தரும் மைலை இந்த ஏற்பாடு தொடவில்லை. ரொக்கத்துக்கு விற்கும் மைலைத்தான் தொடுகிறது. அந்த ரொக்கத்தில் ஒரு பங்கை நாளைய கடமைக்காக ஒதுக்குவதால் நொடித்துப்போகும் நிறுவனம் இருக்குமானால், அது பயணியின் பணத்தில்தான் உயிரோடு இருந்தது என்று அர்த்தம். அந்த உண்மை சீக்கிரம் வெளிவருவதே ஊழியருக்கும் நல்லது. நன்றாக நடக்கும் நிறுவனத்துக்கோ இது விளம்பரமாகும். இடிந்தாலும் அழியாத மைல் என்று சொல்லக்கூடிய நிறுவனத்தின் கார்டைத்தான் வங்கிகளும் மக்களும் தேடுவார்கள். இந்தியாவில் இன்று வானத்தின் பெரும்பகுதி இரண்டே குழுமங்களின் கையில் இருக்கிறது. இரண்டும் தங்கள் மைல் திட்டங்களையும் வங்கிக் கார்டுகளையும் விரிவாக்கி வருகின்றன. இரண்டும் நொடிக்காமல் இருக்கும் இந்த நேரமே இந்தச் சட்டத்தைக் கொண்டுவரச் சரியான காலம். நிறுவனம் தள்ளாடத் தொடங்கிய பின் போடும் விதி, ஏற்கெனவே பணத்தை இழந்தவர்களுக்கு உதவாது. சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து இதை இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, மைல் கணக்கில் பெரிய எண் சேர்ந்திருப்பதைப் பார்த்துப் பெருமைப்படுவதை விட்டு, அந்த எண்ணைப் பயணமாக மாற்றிக்கொண்டே இருப்பதுதான் ஒவ்வொரு பயணிக்கும் உள்ள ஒரே பாதுகாப்பு.